வெய்மர் குடியரசு: 1923ஐயும் 1930ஐயும் பிரித்துப் படியுங்கள்

யுபிஎஸ்சி முதன்மைத் தேர்வுக்குத் தமிழில் எழுதும் நண்பர்களின் உலக வரலாற்றுப் பயிற்சி விடைகளைத் திருத்திக் கொடுத்து வருகிறேன். வெய்மர் ஜெர்மனி (முதல் உலகப் போர் முடிந்ததிலிருந்து 1933 வரை இருந்த ஜெர்மன் குடியரசு) பற்றிய கேள்வி என்றால் பாதிப் பேரின் விடையில் இப்படி ஒரு வரி வந்துவிடும்: பணவீக்கத்தால் மக்கள் தவித்தார்கள், அதனால் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். நடுவில் பத்து ஆண்டுகள் காணாமல் போய்விடுகின்றன. மதிப்பெண்ணும் அங்கேதான் போகிறது.

1923ஐ முதலில் தனியாகப் படித்து முடித்துவிடுங்கள். முதல் உலகப் போருக்கான இழப்பீட்டுத் தவணையை ஜெர்மனி பாக்கி வைத்தது என்று ஜனவரியில் பிரான்சும் பெல்ஜியமும் அதன் தொழிற்பகுதியான ரூருக்குள் படையை அனுப்பின. தொழிலாளர்கள் வேலைக்குப் போக மறுத்தார்கள். அவர்களுக்குக் கூலி கொடுக்க அரசு நோட்டு அடித்துத் தள்ளியது. போருக்கு முன் ஒரு டாலருக்கு 4.2 மார்க், 1923 நவம்பரில் 4.2 லட்சம் கோடி மார்க். அதே மாதம் மியூனிக்கில் ஹிட்லரின் கலகம் தோற்றது, ரென்டன்மார்க் என்ற புது நாணயம் வந்தது, குடியரசும் பிழைத்துக்கொண்டது. அப்புறம் டாஸ் திட்டம் (இழப்பீட்டுத் தவணையை எளிதாக்கியது), லொக்கார்னோ எல்லை ஒப்பந்தம், சர்வதேச சங்கத்தில் இடம் என்று 1929 வரை ஓரளவு நல்ல காலம்தான். இதற்கு இரண்டு வரி போதும்.

அடுத்து, 1929இல் தொடங்கிய உலகப் பொருளாதார மந்தம். இந்த நான்கு வரியை ஒரு தாளில் எழுதி மேசையில் ஒட்டிக்கொள்ளுங்கள். முதலில் வேலையில்லாதவர்கள், அடுத்து நாஜிக் கட்சியின் வாக்கு:

மே 1928: சுமார் 13 லட்சம், 2.6%
செப்டம்பர் 1930: சுமார் 30 லட்சம், 18.3%
ஜூலை 1932: சுமார் 54 லட்சம், 37.3%
நவம்பர் 1932: ஏறக்குறைய அதே அளவு, 33.1%

முதல் மூன்று வரியில் இரண்டும் சேர்ந்தே ஏறுகின்றன. நான்காவதில் வேலையின்மை குறையவில்லை, வாக்கு மட்டும் இறங்குகிறது. ஆனாலும் மூன்றே மாதத்துக்குள், 1933 ஜனவரி 30 அன்று, ஹிட்லர் சான்சலர் (அரசின் தலைவர், நம்மூர்ப் பிரதமர் மாதிரி). பொருளாதாரத்தை மட்டும் வைத்து இதை விளக்க முடியாது. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும்கூட லட்சக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். அங்கே ஜனநாயக ஆட்சி முறை கவிழவில்லை.

அரசியலும் பொருளாதாரமும் பின்னிக்கொள்ளும் இடம் 1930 மார்ச். இதை மட்டும் நிதானமாகப் படியுங்கள். வேலையின்மைக் காப்பீட்டுச் சந்தாவை மூன்றரை சதவீதத்திலிருந்து நான்காக உயர்த்துவதா என்ற சண்டையில் சான்சலர் ஹெர்மன் முல்லரின் கூட்டணி உடைந்தது. கூட்டணியில் இருந்த சமூக ஜனநாயகக் கட்சிக்குப் பின்னால் தொழிற்சங்கங்கள், மக்கள் கட்சிக்குப் பின்னால் ஆலை முதலாளிகள். இரு தரப்பும் இறங்கி வரவில்லை. பெரும்பான்மை பலத்தோடு இருந்த கடைசி அரசு அதுதான்.

அடுத்து சான்சலராக வந்த புரூனிங்குக்குப் பெரும்பான்மை இல்லை. அரசியலமைப்பின் 48வது பிரிவின்படி குடியரசுத் தலைவர் ஹிண்டன்பர்க் கையெழுத்திட்ட அவசரச் சட்டங்களை வைத்தே ஆட்சி நடந்தது. 1931இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டங்கள் 34, அவசரச் சட்டங்கள் 44. அவற்றின் வழியாகவே சம்பளத்தையும் உதவித்தொகையையும் குறைத்தார், வரியைக் கூட்டினார். 1923இன் நினைவு பயமுறுத்தியதால் பணத்தைப் புழக்கத்தில் விடவும் தயக்கம். ஆக, இப்போது நடந்தது பணவீக்கம் அல்ல, பணவாட்டம், அதாவது விலைகள் ஏறாமல் இறங்கிக்கொண்டே போவது. இந்த ஒரு சொல் விடையில் இருந்தாலே திருத்துபவர் நிமிர்ந்து பார்ப்பார்.

48வது பிரிவே எல்லாக் கேட்டுக்கும் காரணம் என்று எழுதிவிடாதீர்கள். அதே பிரிவை 1923இல் அப்போதைய குடியரசுத் தலைவர் ஏபர்ட்டும் பயன்படுத்தினார், குடியரசைக் காப்பாற்றுவதற்காக. யார் கையில், எதற்காக என்று கேட்டு எழுதினால் விடைக்கு ஆழம் வரும்.

கடைசிப் பத்தியை முன்னாள் சான்சலர் பாப்பனுக்கு ஒதுக்குங்கள். ஹிட்லருக்கு முன் சான்சலராக இருந்த ஷ்லைஹரைக் கவிழ்க்க ஹிட்லரோடு பேரம் பேசியவர் அவர். ஹிட்லரைக் கட்டுக்குள் வைத்துக்கொள்ளலாம் என்று ஹிண்டன்பர்க்கைச் சம்மதிக்க வைத்ததில் பெரும்பங்கும் அவருடையதே. 250 சொல் விடையில் இதற்கு 50 சொல்லாவது கொடுங்கள்.