தசைநாண் குணமாதலும் வளர்ச்சிக் காரணிகளும்: எம்.எஸ். எலும்பியல் முதல் தாளுக்கு நான் படித்த முறை

எலும்பு அறுவை மருத்துவ முதுநிலைப் படிப்பான எம்.எஸ். எலும்பியலின் தேர்வு முடிவு வந்து, தேர்ச்சி பெற்ற நிம்மதியோடு எழுதுகிறேன். தாள்களின் அமைப்பு உங்களுக்குத் தெரிந்ததே. ஆகவே அடிப்படை அறிவியல் தாளில் பலர் கடைசி வாரத்துக்கு ஒதுக்கிவைக்கும் ஒரு தலைப்பைப் பற்றி மட்டும் சொல்கிறேன்: தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண் குணமாவதில், செல்களைத் தூண்டும் புரதங்களான வளர்ச்சிக் காரணிகளின் பங்கு.

இதைப் பெயர்ப் பட்டியலாக மனப்பாடம் செய்யாதீர்கள். கால வரிசையில் படியுங்கள். எனக்கு மதிப்பெண் தந்தது இந்த ஒன்றுதான் என்று உறுதியாக நம்புகிறேன். விடைத்தாளில் ஒரு நேர்கோடு இழுத்து, அதன்மேல் வாரங்களைக் குறித்து, ஒவ்வொரு காரணியும் எப்போது உயர்ந்து எப்போது தணிகிறது என்று வரையுங்கள். இரவுப் பணி இல்லாத நாள்களில் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் தனியாக உட்கார்ந்து, புத்தகத்தை மூடிவைத்து இந்தப் படத்தையே திரும்பத் திரும்ப வரைந்தேன். கூட்டாகப் படிப்பது எனக்கு ஒத்துவராது.

படத்தில் இருக்க வேண்டியவை:

முதல் வாரம், அழற்சி நிலை. இரத்தம் உறைய உதவும் தட்டணுக்களின் ஆல்ஃபா துகள்களிலிருந்து பி.டி.ஜி.எஃப்., டி.ஜி.எஃப்.-பீட்டா ஆகிய காரணிகள் வெளியாகின்றன, ஐ.ஜி.எஃப்.-1 என்ற காரணி நார்ச்செல்களை இடம்பெயரவும் பெருகவும் தூண்டுகிறது.

ஏறத்தாழ ஆறாம் வாரம் வரை, பெருக்க நிலை. வி.இ.ஜி.எஃப். என்ற காரணி புதிய இரத்தக் குழாய்களை உருவாக்குகிறது, பி.எஃப்.ஜி.எஃப். என்ற காரணி செல்களைப் பெருக்குகிறது, தசைநாணின் நார்ப் புரதமான கொலாஜனில் மூன்றாம் வகை மிகுதியாக உருவாகிறது.

அதன்பின் சீரமைப்பு நிலை. முதல் வகைக் கொலாஜன் இழுவிசையின் திசையில் அடுக்கப்படுகிறது. இது ஓராண்டுக்கு மேலும் நீளும். ஆயினும் தசைநாண் தன் பழைய வலிமையை முழுதாக எட்டுவதில்லை.

வேறு மூன்று காரணிகளுக்கு இரட்டைப் பெயர் உண்டு: பி.எம்.பி. 12, 13, 14 என்பவை முறையே ஜி.டி.எஃப். 7, 6, 5 ஆகும். ஒன்று ஏற, மற்றது இறங்குவதைக் கவனித்துக்கொண்டால் மறக்காது.

எல்லாக் காரணிகளுக்கும் சமமான இடம் தர வேண்டாம். டி.ஜி.எஃப்.-பீட்டாவுக்கு ஒரு முழுப் பத்தி எழுதுங்கள், ஏனெனில் இந்தத் தலைப்பின் சிக்கல் முழுவதும் அதில்தான் இருக்கிறது. கண்ணாடி வெட்டிய விரலோடு வந்த ஓர் இளைஞருக்கு, கையின் இரண்டாம் மண்டலத்தில் (மடக்குத் தசைநாண்கள் குறுகிய உறைக்குள் ஓடும் பகுதி) தைத்த தசைநாண் சற்றும் பிரியவில்லை. காயமும் சுத்தமாக ஆறியிருந்தது. ஆனால் நடு மூட்டை அவரால் மடக்க முடியவில்லை. அந்தக் குறுகிய உறைக்குள் ஆறும் தசைநாண் சுற்றியுள்ள திசுவோடும் ஒட்டிக்கொண்டுவிட்டது. கொலாஜன் உருவாக்கத்தைத் தூண்டி இணைப்பை உறுதியாக்கும் டி.ஜி.எஃப்.-பீட்டா 1 தான் வடுவையும் ஒட்டுதலையும் வளர்க்கிறது. முயலின் மடக்குத் தசைநாணில் அதற்கு எதிரான ஆன்டிபாடியைச் செலுத்தியபோது விரலின் இயக்கம் மேம்பட்டது. வடுவின்றி ஆறும் கருநிலைத் திசுவில் டி.ஜி.எஃப்.-பீட்டா 3 மேலோங்கியிருப்பதையும் சேர்த்து எழுதினால், தேர்வாளருக்கு நீங்கள் புரிந்து படித்தது தெரியும்.

பி.ஆர்.பி. (இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த, தட்டணுக்கள் செறிந்த திரவம்) பற்றி எழுதும்போது நிதானம் தேவை. காரணிகள் செறிந்த திரவம் என்பதாலேயே அது பயன் தரும் என்று எழுதிவிட முடியாது. நாட்பட்ட குதிகால் தசைநாண் நோய் உள்ள 54 பேரிடம் நெதர்லாந்தில் நடத்தப்பட்டு 2010-இல் வெளியான ஆய்வில், இரு குழுவினரும் உடற்பயிற்சி செய்த நிலையில், 24 வாரங்களுக்குப் பின் பி.ஆர்.பி. ஊசி உப்புநீர் ஊசியைவிடக் கூடுதல் பலன் காட்டவில்லை. ஒரு காரணி ஒரு கட்டத்தில் மட்டும் தேவைப்படும்போது, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செலுத்துவதன் எல்லை என்ன என்ற கேள்வியை உங்கள் படத்தை வைத்தே எழுப்பலாம்.

வாய்மொழித் தேர்வில் இதன் தொடர்ச்சியாக, தைத்த விரலை ஏன் சீக்கிரம் அசைக்கச் சொல்கிறோம் என்று கேட்பார்கள். ஒட்டுதலைத் தடுக்க என்பது பாதி விடைதான். அளவான இழுவிசையே தசைநாண் செல்களில் ஐ.ஜி.எஃப்.-1 போன்ற காரணிகளின் உற்பத்தியைத் தூண்டுகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.