சிங்கமுகனுக்கு ஒரு முகம்

மருமகனின் பாடசாலையில் சூரன்போரை நாடகமாகப் போடுவதாகவும் அதில் அவனுக்குச் சிங்கமுகன் வேடம் என்றும் அக்கா சொன்னபோது, முகமூடியை நானே செய்து தருவதாக ஒப்புக்கொண்டேன். கோயில் வீதியில் வரும் சூரனைத் தூக்கி ஆட்டுவதற்குப் பல தோள்கள் உண்டு. மேடையிலோ ஒரு பிள்ளையின் கழுத்துத்தான் எல்லாப் பாரத்தையும் தாங்க வேண்டும், அவன் வசனமும் பேச வேண்டும். ஆகவே, வடிவம் குலையாமல் நிற்க வேண்டிய நெற்றி, மூக்கு, மேல்தாடை ஆகியவற்றைப் பைபர் கிளாசிலும், அசைய வேண்டிய கன்னம், கீழ்த்தாடை ஆகியவற்றையும் முகத்தோடு உரசும் உட்புறத்தையும் தோலிலும் செய்வதென்று முடிவெடுத்தேன்.

களிமண்ணில் முகத்தை வனைவதற்கே அதிக நாட்கள் சென்றன. தேவர்களைச் சிறைவிடும்படி தமையன் சூரனுக்குப் புத்தி சொல்லிவிட்டு, அவன் கேளாதபோதும் அவனுக்காகவே போருக்குப் போனவன் சிங்கமுகன். வெறும் உறுமல் முகம் அவனுக்குப் பொருந்தாது என்பது என் எண்ணம். புருவத்தின் உள்முனையை மட்டும் ஒரு விரல் அகலம் மேலே தூக்கிவிட்டேன். வாய் சீறினாலும் கண்ணில் துயரம் தெரிந்தது.

அந்தக் களிமண் உருவிலிருந்து பரிஸ் சாந்தில் அச்சு எடுத்து, காய்ந்ததும் உள்ளே மெழுகு தேய்த்தேன். பைபருக்கு யாழ்ப்பாணத்தில் அலைய வேண்டியதில்லை. படகு திருத்துபவர்கள் இருக்கும் கரையெங்கும் கண்ணாடி இழைப் பாயும் அதில் ஊறி இறுகும் பிசினான றெசினும் உண்டு. ஆனால் அவர்கள் கைப்பழக்கம் படகுக்கானது. அதைப் பார்த்து, சதுர மீற்றருக்கு 450 கிராம் நிறையுள்ள பாயை மூன்று அடுக்காக இட்டேன். தோலும் சேர்ந்தபோது முகமூடி 900 கிராமைத் தொட்டது. அரைமணி நேர ஒத்திகையிலேயே, "மாமா, கழுத்து நோகுது" என்றான்.

இரண்டாவது முறை 300 கிராம் பாயில் இரண்டு அடுக்கே போட்டு, விளிம்பை உட்பக்கமாகச் சிறிது மடித்தேன். வளைவும் மடிப்பும் தருகிற விறைப்பு போதுமானதாக இருந்தது. மொத்த நிறையும் 500 கிராம் அளவுக்குக் குறைந்தது. எங்கள் வெயிலில் றெசின் விரைவாக இறுகிவிடும் என்பதால், 100 கிராம் றெசினுக்கு அதை இறுகவைக்கும் ஹார்ட்னர் ஒரு கிராம் மட்டும் கலந்து, காலை ஏழு மணிக்கு முன்பே வேலையைத் தொடங்கினேன். றெசினிலிருந்து எழும் ஆவிக்கு உரிய வடிகட்டியுள்ள மூச்சுக்கவசம் இல்லாமல் இதில் யாரும் கைவைக்கக் கூடாது. துணிக் கவசம் அந்த ஆவியைத் தடுக்காது. அரத்தாள் தேய்க்கும்போதும் தண்ணீர் விட்டே தேய்க்க வேண்டும், இல்லாவிட்டால் கண்ணாடித் தூள் உடலெல்லாம் அரிக்கும்.

தோலில் மரப்பட்டைச் சாற்றில் பதனிட்டதே வேண்டும். குரோமியத்தில் பதனிட்ட மெல்லிய தோல் அழுத்திய வடிவில் நிற்காது. 2 மில்லிமீற்றர் தடிப்பான துண்டைக் குமிழி அடங்கும்வரை தண்ணீரில் ஊறவைத்து, பழைய நிறம் திரும்பத் தொடங்கும் தறுவாயில் உருவின்மேல் போர்த்தி, கரண்டியின் முதுகால் கன்னச் சுருக்கங்களை ஒவ்வொன்றாக அழுத்தி, நிழலில் உலரவிட்டேன். கொதிநீரோ கடும்வெயிலோ பட்டால் தோல் சுருங்கி விறைத்துவிடும். கீழ்த்தாடையை இரு தோல்வார்களில் தொங்கவிட்டதால், மருமகன் வாய் திறக்கும்போது சிங்கமுகனும் வாய் திறந்தான்.

ஒரு பிழையைச் சொல்லத்தான் வேண்டும். முதல் முகமூடியில் றெசின் முழுமையாக இறுகுமுன்பே உட்தோலைச் சப்பாத்துப் பசையால் ஒட்டிவிட்டேன். அந்த மணம் உள்ளேயே தங்கி, பிள்ளைக்குத் தலையிடி வந்தது. அதை நினைக்க இன்றும் மனம் உறுத்துகிறது. இரண்டாவதை ஒரு வாரம் வெளியில் காற்றாட வைத்து, மணம் அற்றுப்போன பிறகே தோலை ஒட்டி, விளிம்பில் துளையிட்டு மெழுகுநூலால் தைத்தேன்.

நாடகம் முடிந்த இரவு, உட்தோலின் நெற்றிப் பக்கத்தில் வியர்வை உப்பு வெள்ளைக் கோடாகப் படிந்திருந்தது. ஈரத்துணியால் அதைத் துடைத்து, தாடை வார் கோணாமல் இருக்கும்படி கவிழ்த்த சட்டியொன்றின்மேல் முகமூடியைக் காயவைத்தேன்.