சோடியம் சித்திரேற்றும் என் 7.35 கிராமும்

வெள்ளவத்தையில் அறை எடுத்துத் தங்கி அழகுசாதனத் தயாரிப்பு டிப்ளோமா படித்தபோது, செய்முறைப் பரீட்சையில் என் புள்ளிகளைத் தின்றது ஒரு போத்தல் லேபிள். சோடியம் சித்திரேற்று என்பது கிறீமில் சேர்க்கும், சித்திரிக் அமிலத்தின் உப்பு. அதில் 0.1 மூலர் (லீற்றருக்கு 0.1 மூல்) கரைசல் 250 மில்லிலீற்றர் வேண்டும் என்றார்கள். மூலர்த்திணிவு, அதாவது ஒரு மூலின் திணிவு, 258 கிராம் என்று மனப்பாடம். 6.45 கிராம் நிறுத்துப் போட்டேன். போத்தலில் இருந்ததோ இரண்டு நீர் மூலக்கூறு சேர்ந்த பளிங்கு, 294. நிறுத்திருக்க வேண்டியது 7.35 கிராம். லேபிளை வாசித்துவிட்டுத் தராசைத் தொடுங்கள்.

எழுத்துத் தாளுக்கு 3.13, 4.76, 6.40 ஆகிய மூன்று எண்களைப் பிடித்துக்கொள்ளுங்கள். சித்திரிக் அமிலம் மூன்று ஐதரசன் அயன்களை ஒவ்வொன்றாக விடும்போது வரும் பிகேஏ பெறுமானங்கள் இவை; அதாவது ஒவ்வொரு படியிலும் பாதி மூலக்கூறுகள் அயனை விட்டிருக்கும் பிஎச் (அமிலத்தன்மையின் அளவு). பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் தாங்கல் வேலை, அதாவது பிஎச் அதிகம் மாறாமல் பிடித்துவைப்பது, பிஎச் 3 தொடங்கி 6 தாண்டியும் நீள்கிறது. முகக் கிறீமுக்கு நாம் குறிவைப்பது 5 அளவு. பக்கத்து எண் 4.76. வித்தியாசம் 0.24; 10இன் 0.24ஆம் அடுக்கை எடுத்தால் விகிதம் ஏறத்தாழ 1.7. இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். அது கரைசலுக்குள் இரண்டு ஐதரசன் விட்ட அயனுக்கும் ஒன்று மட்டும் விட்ட அயனுக்கும் உள்ள விகிதம். அமிலப் போத்தலிலும் உப்புப் போத்தலிலும் இருந்து எடுக்கும் அளவுகளின் விகிதம் அல்ல.

சித்திரேற்று உலோக அயன்களைக் கொடுக்குப்போலக் கவ்வும் வேலையைப் புத்தகத்தில் படித்தபோது எனக்கு ஏறவேயில்லை. யாழ்ப்பாணத்தில் எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லில் ஊறி, கல்சியம் அயன்களோடு வருவது. சவர்க்காரம் நுரைக்காது, வாளி விளிம்பில் சாம்பல் நிறப் படை ஒட்டும். விடுமுறை முடிந்து வரும்போது ஒரு போத்தல் கொண்டுவந்தேன். (பஸ்ஸில் பக்கத்து அக்கா தீர்த்தமா தம்பி என்று கேட்டார்.) இரண்டு கிளாஸ், ஒன்றில் மட்டும் அரைத் தேக்கரண்டி சித்திரேற்று, இரண்டிலும் சவர்க்காரச் சீவல். குலுக்கியதும் சித்திரேற்றுப் போட்டதில் நுரை எழும்பியது, மற்றதில் தயிர்போலத் திரண்டது. கொழும்புக் குழாய்த் தண்ணீரில் செய்தால் இந்த வித்தியாசம் தெரியாது, அது சும்மாவே நுரைக்கும். கிறீமில் இதே கவ்வல்தான் இரும்பு, செம்புத் துணுக்குகளை அடக்கி, எண்ணெய் காறுவதைத் தள்ளிப்போடுகிறது.

வாய்மொழிப் பரீட்சையில், உலோகத்தைக் கவ்வ ஈடிடிஏ என்ற இன்னொரு இரசாயனம் இருக்க, சித்திரேற்று ஏன் என்று கேட்டார்கள். கவ்வும் பலத்தில் ஈடிடிஏதான் மேல், ஆனால் சூழலில் லேசில் சிதையாது. சித்திரேற்று சிதைந்துவிடும், கூடவே பிஎச்சையும் பார்த்துக்கொள்ளும் என்றேன். அப்புறம் பரீட்சகர், "சரி, இப்ப எத்தனை கிராம் நிறுப்பீங்கள்?" என்றார்.