மில்லுக்காரருக்குத் திங்கட்கிழமை எது?

நீட் எழுதிய பிள்ளைகளின் பெற்றோர் என்னிடம், "அஞ்சரை வருசம் அப்படி என்னதானுங்க படிப்பாங்க?" என்று கேட்பதுண்டு. ஈரோட்டுப் பக்கம் ஓர் அரசு மருத்துவமனையில் ஹவுஸ் சர்ஜன்களை, அதாவது படிப்பு முடித்துப் பயிற்சிக்கு வரும் டாக்டர்களை, மேய்ப்பதும் என் வேலையில் ஒரு பகுதி என்பதால் இந்தக் கேள்வி என்னிடம் வந்துவிடுகிறது.

சொல்வது சுலபம். முதலில் அனாடமி, ஃபிசியாலஜி, பயோகெமிஸ்ட்ரி. அடுத்து பெத்தாலஜி, மைக்ரோபயாலஜி, ஃபார்மகாலஜி. அப்புறம் தடயவியல் மருத்துவமும் சமூக மருத்துவமும். முடிவில் மெடிசின், சர்ஜரி, பிரசவம், குழந்தை மருத்துவம். நாலரை வருடப் படிப்பு, ஒரு வருடப் பயிற்சி.

இதில் சமூக மருத்துவத்துக்குத்தான் மரியாதை குறைவு. எஸ்.பி.எம். என்பது இதன் சுருக்கப் பெயர்; அதைச் சொன்னாலே பரீட்சைக்கு முந்தின வாரம் புரட்டும் தடிப் புத்தகம் என்று பெயர். எனக்கு இதில் கொஞ்சம் கோபமே உண்டு. பஞ்சும் நூலுமாகப் பிழைக்கிற ஊரில் உட்கார்ந்துகொண்டு, பஞ்சுத் தூசியால் வரும் நுரையீரல் நோயான பிசினோசிஸை இரண்டு மார்க் கேள்வியாக நினைத்தால் எப்படி?

ஸ்பின்னிங் மில்லில் பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங் பகுதியில் வேலை செய்யும் ஒருவர் ஓ.பி.க்கு வந்தார். "நெஞ்சை இறுக்கிப் புடிக்குதுங்" என்றார். இ.சி.ஜி. நன்றாக இருந்தது. லீவு முடிந்து வேலைக்குப் போகிற முதல் நாள் நெஞ்சு இறுகும், அடுத்தடுத்த நாள் குறையும் என்பது பிசினோசிஸின் தொடக்க அடையாளம். புத்தகத்தில் அது திங்கட்கிழமை. உடனிருந்த ஹவுஸ் சர்ஜன் சரியாகத்தான் கேட்டார்: "திங்கட்கிழமை அதிகமா இருக்குமாங்க?" மில்லுக்காரர் இல்லையென்று தலையாட்டினார். வார லீவு என்றைக்கு என்று நான் கேட்டேன். "புதங்கிழமைங்." வியாழனன்றுதான் இறுகுமா என்றதும், "அதெப்படிங் தெரிஞ்சுது?" என்றார். ஷிஃப்ட் முறையில் ஓடும் மில்லில் ஆளுக்கொரு திங்கட்கிழமை உண்டு.

பாம்புக்கடியும் அப்படித்தான், ஆள் எங்கே எப்படிப் பிழைக்கிறார் என்று தெரிந்தால்தான் பிடிபடும். ராத்திரி கரண்ட் வந்தால்தான் மஞ்சக்காட்டுக்குத் தண்ணீர் கட்ட முடியும் என்று போகிறவர்கள் விரியனை மிதித்துவிடுகிறார்கள். கண்ணாடி விரியனின் விஷம் இரத்தத்தை உறையவிடாது. அதைப் பார்க்க லேப் கூட வேண்டாம். சுத்தமான, ஈரமில்லாத கண்ணாடி டியூபில் 2 மி.லி. இரத்தம் எடுத்து, 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, ஒரு தடவை சாய்த்துப் பார்த்தால் போதும். கட்டியாகாமல் வழிந்தால் விஷமுறிவு மருந்தைத் தொடங்கிவிடலாம். பிளாஸ்டிக் டியூப் உதவாது, சோப்புப் போட்டுக் கழுவியதும் ஆகாது. உறையவேண்டிய இரத்தம்கூட அதில் உறையாமல் போகலாம். ஏன் என்று கேட்டால் முதல் வருட ஃபிசியாலஜிக்குத்தான் திரும்பப் போகவேண்டும்: கண்ணாடியின் பரப்புதான் உறைதலைத் தூண்டிவிடுகிறது.

தரையில் படுத்துத் தூங்கும்போது, நரம்பைத் தாக்கும் விஷமுள்ள கட்டுவிரியன் கடித்திருந்தால் கதையே வேறு. கடித்த தடம் தெரியாது, வீக்கம் இருக்காது, டியூபில் இரத்தம் அழகாக உறைந்திருக்கும். விடியற்காலை வயிற்றுவலி என்று வருகிறவருடைய இமை இறங்குகிறதா என்று பார்க்கவேண்டும். இறங்கினால் மூச்சு எப்போது வேண்டுமானாலும் நிற்கலாம். மருந்தோடு, மூச்சுவிடக் குழாய் போடவும் தயாராக இருக்கவேண்டும். அதனால் ராத்திரி டியூட்டிக்கு வரும் ஹவுஸ் சர்ஜன்களிடம், வயிற்றுவலி கேஸ் என்றாலும் எங்கே படுத்திருந்தார் என்று கேட்கச் சொல்லி வைத்திருக்கிறேன். கட்டிலா, தரையா, களத்துமேடா என்று கேஸ் ஷீட்டிலேயே இப்போது எழுதிவிடுகிறார்கள்.