சுடச்சுட ஒரு குண்டு எழுத்து

கும்பகோணத்தில் ஃப்ளெக்ஸ் டிசைன் செய்கிறேன். காதணி விழா, கடைத் திறப்பு, கண்ணீர் அஞ்சலி என்று எல்லாம் ஒரே மேசையில்தான் தயாராகும். டிபன் கடைக்காரர் ஒருவர் வந்து, “அண்ணே, எழுத்தப் பாத்தாலே சாப்பிடத் தோணணும்” என்றார். ‘பாலூ தம்பி’ என்ற ஃபாண்டைத்தான் எடுத்தேன்.

மும்பையின் எக் டைப் குழு பல இந்திய எழுத்துகளுக்குச் செய்த பாலூ குடும்பத்தில் தமிழ்ப் பிள்ளை இது. தடித்த கோடு, உருண்ட முனை. கூகுள் ஃபாண்ட்ஸில் இலவசம், கடைப் பலகைக்கும் போடலாம்.

இதன் அழகும் சிக்கலும் அந்தத் தடிமனில்தான். தமிழ் எழுத்தில் சுழி அதிகம். கோடு தடிக்கத் தடிக்க, சுழிக்குள் இருக்கும் வெள்ளை இடம் சுருங்கும். பத்தடி ஃப்ளெக்ஸில் மூன்று சுழி ‘ண’ ஜம்மென்று உட்காரும். அதையே பத்திரிகையின் அடியில் மண்டப முகவரிக்குப் போட்டால் சுழி அடைத்துக்கொண்டு ‘ண’வா ‘ன’வா என்று பெரியவர்கள் கண்ணைச் சுருக்குவார்கள். அதனால் காதணி விழா ஃப்ளெக்ஸில் குழந்தை பெயருக்கு மட்டும் பாலூ தம்பி. தாய்மாமன் முதல் சித்தப்பா வரை நீளும் பெயர்களுக்கு அதே குழுவின் ‘முக்தா மலர்’. முதலில் ஒரே தடிமனில் வந்த பாலூ தம்பிக்கு இரண்டாம் பதிப்பில் ஐந்து தடிமன் உண்டு. சின்ன அட்டைக்கு அதில் மெலிந்ததை எடுத்தால் தப்பிக்கலாம்.

சுவரில் பிரஷ் பிடித்து எழுதி, மூலையில் ‘ஆர்ட்ஸ்’ என்று தன் பெயர் போட்டவர்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். அவர்கள் கையில் ஒரே சொல்லின் இரண்டு ‘ட’ ஒரே மாதிரி வராது. ஃபாண்டில் அச்சு அசலாக வரும். டிபன் கடைக்கு ‘சுடச்சுட இட்லி கடப்பா’ என்று அடித்தபோது இரண்டு ‘சு’, மூன்று ‘ட’. கோரல்டிரா என்ற டிசைன் மென்பொருளில் கர்வ் போட்டு, அதாவது எழுத்தை இஷ்டப்படி வளைக்கக்கூடிய வெறும் கோடாக மாற்றி, இரண்டாவது ‘சு’வைக் கொஞ்சம் சாய்த்தேன், ஒரு ‘ட’வின் காலை நீட்டினேன். கையால் எழுதிய உயிர் வந்துவிட்டது. இந்த வேலையை டிசைனர்கள் யாரும் சோம்பலில் விட்டுவிடக் கூடாது.

கண்ணீர் அஞ்சலிக்கு மட்டும் யார் கேட்டாலும் இதைப் போட மாட்டேன். அந்த வீட்டுக்கு அது மரியாதை இல்லை.

2028இல் மகாமகம். ஊரெல்லாம் போர்டு தேவைப்படும். நீர்மோர்ப் பந்தலுக்கு இந்தக் குண்டு எழுத்தைத் தாராளமாக வையுங்கள். குளத்துக்கு வழிகாட்டும் பலகைக்கு வேண்டாம், கூட்டத்தில் நடந்துகொண்டே படிக்கச் சுழி திறந்த எழுத்துதான் சரி.