கண்டிகோட்டாவில் ஒன்றரை நாளும் ஒரு வாடகை லென்ஸும்

ஆந்திராவில் ஆற்றுப் பள்ளத்தாக்கின் விளிம்பில் பழைய கோட்டையோடு நிற்கும் ஊர் கண்டிகோட்டா. நேற்று ராத்திரிதான் அங்கிருந்து பெங்களூர் அல்சூர் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். எப்படிப் போவது, என்ன செலவு என்று வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அந்த ஆட்டோக்காரரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக மனசு வரவில்லை.

பெங்களூரிலிருந்து சுமார் 280 கிலோமீட்டர். இரவுப் பேருந்து விடிவதற்கு வெகுநேரம் முன்பே ஜம்மலமடுகில் இறக்கிவிட்டது. அங்கிருந்து 15 கிலோமீட்டர்தான். தோளில் கேமரா பையைப் பார்த்ததும் ஆட்டோவுக்கு 900 ரூபாய் கேட்டார். விடிந்துவிட்டால் வந்ததே வீண் என்று அவருக்கும் தெரியும். 750க்குக் கீழே இறங்கவே இல்லை. மறுநாள் அதே பாதையில் இன்னொருவர் 350 ரூபாய் வாங்கிக்கொண்டு, வழியில் டீக்கடையிலும் நிறுத்தினார். முதல் நாள் நடந்தது அநியாயம்.

கூட வந்தவர் சித்தப்பா. ஸ்ரீராமபுரத்தில் முப்பது வருடமாக ஸ்டுடியோ நடத்துகிறவர். கல்யாணம், காதுகுத்து, பாஸ்போர்ட் போட்டோதான் அவர் தொழில். மலையையும் பாறையையும் எடுக்கக் கிளம்பியது இதுதான் முதல் முறை. நான் ஞாயிறானால் நந்தி மலைக்கு ஓடுகிறவன். அந்த நந்தி மலைப் பக்கம் பிறக்கிற வடபெண்ணை ஆறுதான் இங்கே எர்ரமலைத் தொடரை அறுத்துக்கொண்டு ஓடுகிறது. அதனாலேயே இந்தப் பள்ளத்தாக்கின் மேல் எனக்கு ரொம்ப நாளாக ஒரு கண்.

ஐந்தரைக்குப் பாறை முனைக்குப் போனால் நிற்க இடமில்லை. ஒரு போட்டோ பயிற்சிக் குழு பதினைந்து ட்ரைபாட்களை வேலி மாதிரி நட்டு வைத்திருந்தது. இவர்கள் பணம் கட்டி வந்தவர்கள், ஓரமாகப் போங்கள் என்றார் குழுவை நடத்துகிறவர். எனக்கு வயிறு எரிந்தது. பாறை என்ன அவர் வாடகைக்கு எடுத்த இடமா?

"விடுடா. அவங்க எல்லாம் சூரியனைப் பாக்குறாங்க. நீ அது எதுமேல விழுதுன்னு பாரு" என்றார் சித்தப்பா.

சூரியன் வந்தது. கேமராவில் வானத்து வெளிச்சத்துக்கு அளவு வைத்தால் பள்ளம் முழுக்கக் கரி, பள்ளத்துக்கு வைத்தால் வானம் வெள்ளைத்தாள். எதிர் வெளிச்சத்தில் ஒரே படத்தில் இரண்டையும் பிடிப்பது ரொம்பக் கஷ்டம். இருபது நிமிடத்தில் குழு மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டது. அப்புறம்தான் விஷயமே ஆரம்பித்தது.

வெயில் எதிர்ச் சுவரில் பக்கவாட்டாக விழுந்து மெல்ல இறங்கியது. மணற்கல் இறுகி உருவான இந்தக் குவார்ட்சைட் பாறைக்குக் கண்டிகோட்டா பெயரையே வைத்திருக்கிறார்கள். நூறு கோடி வருடத்துக்கும் பழையது. படுக்கை படுக்கையாக அடுக்கி, நெடுக்கில் வெடித்து, யாரோ கட்டி வைத்த சுவர் மாதிரி நிற்கும். ஒவ்வொரு அடுக்கின் அடியிலும் பென்சிலால் இழுத்ததுபோல ஒரு நிழல். வெயில் பட்ட பக்கம் செங்கல் சிவப்பு, படாத விரிசலுக்குள் வானத்தின் நீலம்.

"பொண்ணுக்கு நேரா ஃபிளாஷ் அடிச்சா மூக்குத்தி தெரியும், மூக்கு தெரியாது. லைட்டைப் பக்கத்துல வைக்கணும். இங்க அதைச் சூரியனே பண்ணுது" என்றார். தொழில்காரர் தொழில்காரர்தான். மூன்று வருடமாக நான் பார்த்த வீடியோக்கள் எதிலும் இவ்வளவு தெளிவாக யாரும் சொன்னதில்லை.

ஐஎஸ்ஓ (கேமராவின் வெளிச்ச உணர்திறன்) 100, லென்ஸ் துளை எஃப் 11, ட்ரைபாட் கட்டாயம். சிவப்பு வெளிறிவிடாமல் இருக்க வெளிச்சத்தை அரை ஸ்டாப் (கொஞ்சம்) குறைத்து, பிறகு திருத்த வசதியான ரா ஃபைலாக எடுத்தேன். எட்டரைக்கு வெயில் மேலே ஏறி, நிழல் போய், சுவர் தட்டையாகிவிட்டது. கேமராவை உள்ளே வைத்தோம்.

பிறகு ஜம்மலமடுகில் சாப்பிட்ட உக்கானி! பொரியை நனைத்துப் பிழிந்து, வெங்காயமும் மஞ்சளும் போட்டுத் தாளித்து, மேலே பொட்டுக்கடலைப் பொடி தூவித் தருகிறார்கள். பக்கத்தில் சுடச்சுட மிளகாய் பஜ்ஜி. இரண்டு தட்டு சாப்பிட்டேன். இந்த ராயலசீமைப் பக்கம் போய் இட்லி தேடாதீர்கள்.

சாயங்காலம் கோட்டைக்குள் மசூதி, தானியக் கிடங்கு, மாதவராயர் கோயில் மூன்றையும் பார்த்தோம். கோயில் கோபுரத்தில் சாய்ந்த வெயில் விழும் நேரத்தைத் தவற விடாதீர்கள்.

இருவருக்கும் மொத்தம் 6,800 ரூபாய். அதில் 2,000 வைட் ஆங்கிள் லென்ஸ் வாடகை. ஆனால் தேறிய பதினோரு படங்களில் ஒன்பது என்னுடைய பழைய 55-250 ஜூம் லென்ஸில் எடுத்தவை. எதிர்ச் சுவரின் அடுக்குகளை அதுதான் கிட்டே இழுத்துக் கொடுத்தது. அடுத்த முறை அந்த 2,000 ரூபாயில் இன்னொரு ராத்திரி தங்கிவிடுவோம். சித்தப்பா இப்போதே முகூர்த்தம் இல்லாத வாரமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.