மோமாவில் பிக்காசோ: முகத்தைத் தேடாதீர்கள், விரலைத் தேடுங்கள்

நியூயார்க்கில் ஈ ரயில் பிடித்து ஐந்தாவது அவென்யூ – 53வது தெரு நிலையத்தில் இறங்கினால் மோமா என்னும் நவீனக் கலை அருங்காட்சியகம் நடை தூரம்தான். நேரே ஐந்தாம் மாடிக்குப் போய்விடுங்கள்.

‘அவினியோன் பெண்கள்’ (1907) 244 செ.மீ. உயரம், முன்னால் கூட்டம் நிற்கும். வலது கீழ்மூலையில் குந்தியிருப்பவளைப் பாருங்கள். முதுகும் நம் பக்கம், முகமும் நம் பக்கம். உருவத்தைப் பட்டை பட்டையாக உடைத்து, பல கோணங்களை ஒரே படத்தில் காட்டும் கியூபிசத்துக்கு விதை இதுதான், மரம் இனிமேல்தான்.

நேரம் ஒதுக்க வேண்டியது வேறு இரண்டு படங்களுக்கு: ‘மாண்டலினோடு பெண்’ (1910), ‘மா ஜோலி’ (1911–12). இரண்டும் சுமார் ஒரு மீட்டர் உயரம், இரண்டிலும் இசைக்கருவியோடு ஒரு பெண். முதலாவதில் தலை, மார்பு, கை, மாண்டலினின் வளைவு எல்லாம் தெரிகின்றன; உடம்பு மட்டும் வைரம்போலப் பட்டை பட்டையாக இருக்கிறது. மாடலாக இருந்த ஃபானி தெலியே பாதியில் நின்றுவிட்டதால் படம் முடியவில்லை என்பார்கள். நமக்கு அது லாபம். உடைப்பு எப்படி நடக்கிறது என்பது பாதி வழியிலேயே தெரிந்துவிடுகிறது.

‘மா ஜோலி’யில் பலரும் தோற்பது முகத்தை முதலில் தேடுவதால்தான். கீழிருந்து மேலே போங்கள். அடியில் படத்தின் பெயரே (‘என் அழகி’ என்று பொருள்) எழுதியிருக்கிறது, ஒரு பாட்டின் பல்லவி அது; காதலி ஈவாவைப் பிக்காசோ அழைத்த செல்லப்பெயரும் அதுவே. பக்கத்தில் இசைக்குறி ஒன்று. சற்று மேலே நிற்கும் ஆறு கோடுகள் தந்திகள். அவற்றுக்குக் கீழே நான்கு விரல்கள், வலப்பக்கம் முழங்கை. இவ்வளவு கிடைத்தால் ஆள் உட்கார்ந்திருப்பது புலப்படும்.

மீதி ஏன் பிடிபடுவதில்லை? ஒவ்வொரு பட்டைக்கும் நிழல் தனித்தனி, வெளிச்சம் ஒரே திசையிலிருந்து வருவதில்லை. பட்டையின் ஒரு விளிம்பு அழுத்தமாக இருக்கும், இன்னொன்று திறந்தே கிடந்து பக்கத்துப் பட்டையில் கரைந்துவிடும். முந்தைய தலைமுறை பிரெஞ்சு ஓவியர் செசானிடம் கற்ற வித்தை இது. அதனால் தோள் எங்கே முடிகிறது, பின்னணி எங்கே தொடங்குகிறது என்று கோடு கிழிக்க முடியாது. சதைக்கு ஒரு நிறம், சுவருக்கு ஒரு நிறம் என்று கொடுத்திருந்தால் இந்தக் கலப்பு நடக்காது. பழுப்பும் சாம்பலும் மட்டுமே மிஞ்சியதற்கு அதுவும் ஒரு காரணம்.

மூன்று மீட்டர் தள்ளி நின்று பார்த்துவிட்டுக் கிட்டே போங்கள். கைபேசிப் படத்தை நம்பாதீர்கள். அது கான்ட்ராஸ்டைக் கூட்டிவிட்டால் கரையும் விளிம்புகள்கூட வெட்டுக்கோடாகிவிடும்.

பிக்காசோ செய்த, அவருடைய அப்போதைய காதலி பெர்னாந்தின் வெண்கலத் தலையும் (1909) மோமாவிடம் உண்டு. காட்சியில் இருந்தால் சுற்றி நடந்து, கழுத்துத் திருகலைப் பாருங்கள். படைப்புகளை அவ்வப்போது மாற்றி வைப்பார்கள் என்பதால், கிளம்புமுன் மோமா இணையதளத்தில் ஒவ்வொரு படத்தின் பெயரையும் தேடிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.